இரண்டு க்ளிப் போட்ட கொடி

என் மனைவி எதையும் அழுத்த மாட்டாள். பற்பசையைக்கூட அடியிலிருந்து மெதுவாகச் சுருட்டி, அது தானாக எட்டிப் பார்க்கிறதா என்று காத்திருந்துதான் எடுப்பாள். நானோ குழாய் வேலைக்காரன். அடைத்துக்கொண்டால் கம்பியை விட்டுக் குத்துகிற ரகம். கல்யாணமான புதிதில் இவளோடு ஒரே வீட்டில் எப்படிக் குப்பை கொட்டப் போகிறோம் என்று எனக்குக் கவலையாகவே இருந்தது. இருபத்திரண்டு வருஷம் கொட்டியாகிவிட்டது.

மருத்துவக் கல்லூரியின் பின்கட்டில் ஒரு பரிசோதனைக்கூடம் இருக்கிறது. அங்கே அவளைக் கலரக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். கழுத்தில் தொங்கும் அட்டையில் வேறு பெயர் இருக்கிறது, அதை யாரும் படிப்பதில்லை. குழந்தை பிறந்த பிறகு வெளியே வரும் நச்சுக்கொடி இருக்கிறதே, வயிற்றில் இருந்தவரை குழந்தைக்குச் சோறும் காற்றும் கொடுத்த அந்த வட்டமான சதைத் தட்டு, அதில் சந்தேகம் என்று வந்தால் டாக்டர்கள் வாளியில் போட்டு அங்கே அனுப்புவார்கள். பெரும்பாலும் இரட்டைக் குழந்தைகளுடையது. அதன் ரத்தக்குழாய்களுக்குள் சாயம் ஏற்றி, எந்தக் குழாய் எங்கே போகிறது என்று படம் வரைந்து கொடுப்பதுதான் இவள் வேலை. வீட்டில் நாங்கள் அதைச் சும்மா ‘தட்டு’ என்போம். ‘இன்னைக்கு எத்தனை தட்டு?’ என்று நான் கேட்பதைக் கேட்டுவிட்டு, இவள் ஏதோ ஓட்டலில் வேலை பார்க்கிறாள் என்று பக்கத்து வீட்டார் ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

அந்த வேலைக்கு அவள் வந்த கதை வேடிக்கையானது. முதலில் கண்ணாடி ஜாடி கழுவத்தான் சேர்ந்தாள். ஒரு ஜாடிக்குக் கால் மணி நேரம் எடுத்துக்கொள்கிறாள் என்று மேலே புகார் போய்விட்டது. விசாரிக்க வந்த டாக்டரம்மா கதவருகே நின்று அவள் கழுவுவதைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். அந்தச் சமயத்தில் சாயம் ஏற்றுவதற்கு அங்கே இருந்த ஆள் அவசரக் குடுக்கை. ஊசியைப் பிடித்தால் ஒரே தள்ளு. மெல்லிய குழாய்களெல்லாம் வெடித்து, தட்டு முழுக்கச் சாயம் கசிந்து, படம் வரைய ஒன்றும் மிஞ்சாது. அவசரத்துக்கு அண்டாவிலும் கை நுழையாது என்பார்கள், மயிரிழையை விட மெல்லிய குழாயில் நுழையுமா? மறுவாரமே ஜாடியை வேறொருவரிடம் கொடுத்துவிட்டு, ஊசியை இவள் கையில் கொடுத்தார் டாக்டரம்மா. பத்தொன்பது வருஷம் ஆயிற்று.

ஒரே ஒரு முறை அவள் வேலை செய்வதைப் பார்த்திருக்கிறேன். கூடத்தின் கழுவுதொட்டி ஒழுகுகிறது என்று என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். மத்தியானம். உயரத்தில் இருந்த ஜன்னல்கள் வழியாக வெயில் சாய்வாக இறங்கி மேஜை மேல் படுத்திருந்தது. வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் அந்தத் தட்டு கிடந்தது. வெளுத்துப்போய், ஈரமாக, ஒரு பெரிய ரொட்டி அகலத்துக்கு இருந்தது. அதிலிருந்து இரண்டு தொப்புள்கொடிகள் கிளம்பி, தண்ணீரில் லேசாக ஆடிக்கொண்டிருந்தன. அவள் ஒரு கொடிக்குள் நூல்போன்ற குழாயைச் செருகி, ஊசியில் சிவப்புச் சாயம் எடுத்து, கட்டைவிரலை அதன் தலையில் வைத்தாள். விரல் நகர்ந்ததாகவே தெரியவில்லை. ஆனால் தட்டின் மேல் ஒரு சிவப்புக் கோடு மெல்ல நடக்க ஆரம்பித்தது. நடந்து, இரண்டாகப் பிரிந்து, நான்காகி, பிறகு எண்ண முடியாதபடி ஆகி, யாருமே வரையாமல் ஒரு மரம் அங்கே வந்து நின்றது. கையில் குழாய்த் திருகியோடு நான் எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. தொட்டி ஒழுகிக்கொண்டே இருந்தது.

“பாத்தீங்களா? பெரிய குழாய்க்குச் சுவர் நல்ல தடிமன்,” என்றாள் தண்ணீரைப் பார்த்தபடியே. “அது கொண்டுபோய் விடறதோட சரி. சின்னதாக ஆக ஆக, சுவத்துல தசை மட்டும் சுத்தி நிக்கும். இறுக்கும், தளத்தும். எந்தப் பக்கம் எவ்வளவு போகணும்னு அதுதான் முடிவு பண்ணும்.”

“வால்வு.”

“வால்வுன்னே வச்சுக்கோங்க. அதுக்கப்புறம் தசையும் கிடையாது. வெறும் ஒரே ஒரு செல் கனம்தான் சுவர். உள்ள ரத்த அணு பக்கத்துல பக்கத்துல போக முடியாது. ஒவ்வொண்ணா, உடம்ப மடக்கிக்கிட்டு வரிசையில போகும்.”

“அவ்வளவு மெல்லிசா இருந்தா ஒழுகாதா?”

“ஒழுகணுங்க! அதுக்குத்தானே அது இருக்கு. மத்ததெல்லாம் வெறும் வழி. குடுக்கறது, வாங்கறது எல்லாம் அந்த மெல்லிசு இடத்துல மட்டும்தான் நடக்குது. அதக் கடந்ததும் திரும்பவும் ஒண்ணோட ஒண்ணு சேந்து பெருசாகி, வந்த வீட்டுக்குத் திரும்பிடும்.”

ஒழுகலை நிறுத்துவதற்காகவே பிறந்தவன் நான். ஒழுகுவதற்கென்றே ஒரு குழாயா? எனக்குக் கொஞ்சம் ரோஷமாகக்கூட இருந்தது. ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானத் தூக்கத்தில் ஒரு கனவு கண்டேன். சிவப்பு வெளிச்சத்தில் ஒரு பெரிய குழாய்க்குள் கூட்டத்தோடு கூட்டமாக நடந்துகொண்டிருந்தேன். பின்னாலிருந்து யாரோ தட்டித் தட்டி அனுப்பிக்கொண்டே இருந்தார்கள். போகப் போக வழி குறுகிற்று. சுவர் ஈரத் துணிபோல மெத்தென்று தோளில் உரசிற்று. கடைசியில் ஓர் ஆள் மட்டுமே போகலாம் என்கிற இடத்தில் நான் உடம்பை மடக்கிக்கொண்டு நுழைந்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ இருந்தார்கள். அவர்கள் மூச்சு விடுவது தெரிந்தது. கையிலிருந்ததை நீட்டினேன், சுவர் வழியாக அதை வாங்கிக்கொண்டார்கள். விழித்ததும் இவளிடம் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. “சரியாத்தான் கனவு கண்டிருக்கீங்க,” என்றாள்.

இப்போது என் தங்கைக்கு வருகிறேன்.

அவளுக்கு எட்டாம் மாதத்திலேயே இரட்டைப் பெண் குழந்தைகள் பிறந்தன. முதலில் எடுத்தது நல்ல சிவப்பாக, கொழுகொழுவென்று இருந்தது. அடுத்தது கோழிக்குஞ்சு மாதிரி. இரண்டாவது நாள் பெரியது போய்விட்டது. இதயம் தாங்கவில்லை என்றார்கள். சின்னதைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து ரத்தம் ஏற்றினார்கள். இருபத்து நான்கு நாள் தங்கை அந்தப் பெட்டியின் பக்கத்திலேயே பழியாய்க் கிடந்தாள். பெட்டியின் ஓட்டை வழியாகக் கையை விட்டுக் குழந்தையின் பாதத்தைப் பிடித்துக்கொண்டிருப்பாள். பாலைப் பீய்ச்சிக் கொடுப்பாள். பெற்ற மனம் பித்து. போனதற்கும் சேர்த்து இருப்பதைப் பிடித்துக்கொண்டாள் என்றுதான் நாங்கள் எல்லாரும் நினைத்தோம்.

வீட்டுக்கு அனுப்பும்போது, ஒரு வாரத்துக்கு யாரும் வந்து பார்க்கக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். ஒன்பதாம் நாள், ஒரு சனிக்கிழமை, நானும் இவளும் போனோம். மூன்றாவது மாடி. அறைக்குக் குறுக்கே கயிறு கட்டி, கைக்குட்டை அளவில் துணிகள் காய்ந்துகொண்டிருந்தன. குழந்தை மாப்பிள்ளையின் அக்கா மடியில் இருந்தது. அந்த அம்மாள் தன் வீட்டைப் பூட்டிக்கொண்டு வந்து இரண்டு மணிக்கு ஒருதரம் புட்டிப்பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். தங்கை கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள்.

“வீட்டுக்கு வந்த நாள்லேருந்து இப்படித்தான் தம்பி,” என்றாள் மாப்பிள்ளையின் அக்கா என்னிடம், குரலைத் தாழ்த்தி. “தொட மாட்டேங்கறா. அழுதாலும் திரும்ப மாட்டேங்கறா. அந்தத் தாளப் படிச்சதுலேருந்துதான்.”

“எந்தத் தாள்?”

மாப்பிள்ளை ஆஸ்பத்திரிக் கோப்பை எடுத்து வந்தான். என்னை விட்டுவிட்டு இவளிடம் நீட்டினான். “அக்கா, நீங்க இந்த மாதிரி இடத்துலதானே வேலை பாக்கறீங்க. கொஞ்சம் பாத்துச் சொல்லுங்களேன். எனக்குப் புரிஞ்சது சரிதானான்னு.”

அவள் தாளைப் பிரித்தாள். நானும் எட்டிப் பார்த்தேன். ஒரு வட்டம். அதில் ஒரு பக்கம் சிவப்பு மரம், ஒரு பக்கம் நீல மரம். நடுவில் ஓரிடத்தில் இரண்டின் கிளைகளும் ஒன்றையொன்று தொட்டன. அங்கே ஒன்று என்ற எண்ணிலிருந்து இரண்டு என்ற எண்ணுக்கு ஓர் அம்புக்குறி. அம்பின் வால் லேசாக வளைந்திருந்தது. எங்கள் வீட்டுக் காலண்டரில் எரிவாயு வரும் நாளுக்கு இவள் போடும் அம்புக்கும் அதே வளைந்த வால்தான்.

“மூத்தவ குடுத்தா, இவ குடிச்சா,” என்றாள் தங்கை, சுவரைப் பார்த்தபடியே. “அதானே அண்ணி? படமாவே போட்டிருக்கே. அவ ரத்தத்தக் கடைசி சொட்டு வரைக்கும் உறிஞ்சிட்டு இவ வந்திருக்கா. என் கையால எப்படித் தூக்குவேன்?”

என் மனைவி தாளை மடித்து வைத்தாள். எழுந்து போய்க் குழந்தையின் முன்னால் தரையில் உட்கார்ந்தாள். உதட்டைப் பார்த்தாள். துணியை விலக்கிப் பாதத்தைத் திருப்பிப் பார்த்தாள். வெள்ளை வெளேரென்று இருந்தது. ரொம்ப நேரம் அந்தப் பாதத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். “என்ன பாக்கறே?” என்றேன். “ஒண்ணுமில்ல, கிளம்பலாம்,” என்றாள்.

பஸ் நிறுத்தத்தில் எங்கள் பஸ் வந்து நின்று, போயும் விட்டது. அவள் ஏறவில்லை. அவள் ஏறாததால் நானும் ஏறவில்லை.

“நான் க்ளிப்ப மாத்திப் போட்டுட்டேங்க,” என்றாள்.

எனக்கு விளங்க அரைமணி நேரம் பிடித்தது. விஷயம் இதுதான். இரட்டைக் குழந்தை பிறந்தால் எந்தக் கொடி யாருடையது என்று தெரிவதற்கு ஒரு முறை வைத்திருக்கிறார்கள். முதலில் பிறந்ததன் கொடியில் ஒரு பிளாஸ்டிக் க்ளிப் போடுவார்கள், இரண்டாவதில் இரண்டு. பல ஆஸ்பத்திரிகளிலிருந்து இவள் கூடத்துக்கு வாளிகள் வரும். அதில் எண் மட்டும்தான், பெயர் கிடையாது. யாருடையது என்று கேட்கிற வழக்கமும் இவளுக்கு இல்லை. அந்த வாளியைத் திறந்தபோது இரண்டு கொடியிலும் ஒவ்வொரு க்ளிப்தான் இருந்தது. மூன்றாவது க்ளிப் வாளியின் அடியில் கிடந்தது. பிரசவ அறைக்குப் போன் போட்டாள். எடுக்கவில்லை. மறுபடி போட்டாள். எடுக்கவில்லை. ஒரு கொடி தடிமன், வழவழவென்றிருந்தது. மற்றது மெலிந்து கிடந்தது. வழுக்குகிற தடிக் கொடியிலிருந்துதான் க்ளிப் கழன்றிருக்கும் என்று நினைத்தாள். அதில் மாட்டினாள். பத்தொன்பது வருஷத்தில் அவள் செய்த ஒரே யூகம் அது. யானைக்கும் அடி சறுக்கும் என்பது சரி, சறுக்கிய யானை என் தங்கை குடும்பத்தின் மேலா விழ வேண்டும்?

“சாயம் தப்பாப் போகலைங்க. வழி சரியாத்தான் வரைஞ்சேன். ஆனா ஒண்ணும் ரெண்டும் இடம் மாறிடுச்சுன்னு நினைக்கிறேன். ரத்தம் வாங்கின பிள்ளை செக்கச்செவேல்னு இருக்கும். குடுத்த பிள்ளைதான் இப்படி வெளுத்திருக்கும்.”

“அத டாக்டருங்க பாக்க மாட்டாங்களா?”

கையெழுத்துப் போட்ட டாக்டர் குழந்தைகளைப் பார்த்ததில்லை. குழந்தைகளைப் பார்த்த டாக்டர் அந்தத் தாளைப் பார்க்கவில்லை. அது நேரே கோப்புக்குள் போய், கோப்பு நேரே என் தங்கையின் கைக்கு வந்துவிட்டது.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. நடுத்தெருவில் நின்று கத்தினேன். பற்பசை எடுக்க அரைமணி நேரம் ஆக்குகிறவளுக்கு இன்னொரு தடவை போன் போட நேரமில்லையா என்றேன். அவள் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டாள். கத்தி ஓய்ந்ததும் எனக்குப் பயம் வந்தது. இது வெளியே தெரிந்தால் இவள் வேலை என்னாகும்? அப்போது நான் சொன்னதை இங்கே மறைக்கப் போவதில்லை. “சும்மா இரு. யாருக்குத் தெரியப் போகுது? நாளாக ஆக அவளே தூக்கிப்பா,” என்றேன். கூடப்பிறந்த அண்ணன் வாயிலிருந்துதான் அது வந்தது.

“அது பெருசாகி, நடந்து, அம்மான்னு கிட்ட வரும். அப்பவும் உங்க தங்கச்சி அந்த அம்பத்தான் பாப்பா,” என்றாள். எனக்கு வெட்கமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை கூடம் பூட்டியிருக்கும். அன்று முழுக்க அவள் ஜன்னலருகே உட்கார்ந்திருந்தாள். வீட்டுக்குள் எல்லாம் தண்ணீருக்கடியில் நடப்பது போல நடந்தது. டீ ஆறியது, எதிர்வீட்டு ரேடியோ எங்கோ தூரத்தில் பாடியது, சுவரில் வெயில் ஏறி இறங்கியது. ஒருமுறை அவள் தன் உள்ளங்கையை வெளிச்சத்தில் பிடித்து, விரல் ஓரங்கள் சிவப்பாகத் தெரிவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நானும் என் கையைப் பிடித்துப் பார்த்தேன். குழாய்ப் பசையும் காய்ப்புமான என் கையிலும் அந்தச் சிவப்பு இருந்தது.

திங்கட்கிழமை வேலையைப் போட்டுவிட்டு அவளோடு போனேன். டாக்டரம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் அலமாரியைத் திறந்து, அந்த எண் போட்ட ஜாடியை எடுத்து வைத்தார். மருந்துத் தண்ணீரில் தட்டு கல்போல இறுகியிருந்தது. இவள் இரண்டு கொடிகளையும் விளக்கின் கீழ் பிடித்து, பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தாள். க்ளிப்பின் உள்பக்கம் சின்னச் சின்னப் பற்கள் இருக்கும். உயிரோடு துடிக்கிற கொடியில் கடித்தால், பல் பட்ட இடத்தில் ரத்தம் கட்டிக் கறுப்பாக ஒரு வரி விழும். பிறகு மாட்டினால் வெறும் பள்ளம்தான். தடிக் கொடியில் இவள் மாட்டிய க்ளிப்பைக் கழற்றினாள். பள்ளம். கறுப்பு இல்லை. மெல்லிய கொடியில் இருந்த க்ளிப்புக்கு இரண்டு விரல் தள்ளி, வெறுமையாக, கறுப்பாக, வரிசையாகப் பல் தடம் இருந்தது. பிடிப்பதற்குச் சதையில்லாமல்தான் க்ளிப் கழன்றிருக்கிறது. இரண்டு க்ளிப் போட்ட கொடி மெலிந்த கொடி. கொடுத்துக்கொண்டிருந்த கொடி.

டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “திருத்தி வேற தாள் குடுக்கறேன். விசாரணைன்னு ஒண்ணு வைக்காம இருக்க முடியாது. அது முடியற வரைக்கும் நீ ஊசியத் தொட வேணாம்.”

“சரிங்கம்மா.”

“குழந்தையோட வீட்டுக்கு நான் போன் பண்ணிச் சொல்லிடறேன். நீ போகாதே.”

“நானே போறேம்மா. அது எங்க வீட்டுப் பிள்ளை,” என்றாள். டாக்டரம்மா அவளை நிமிர்ந்து பார்த்தார். அப்புறம் தடுக்கவில்லை.

அன்று மத்தியானமே போனோம். இவள் நேராகக் கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, எதையும் சுற்றி வளைக்காமல் சொன்னாள். க்ளிப் கழன்றது, தான் யூகித்தது, மாற்றிப் போட்டது, பல் தடம். “தப்பு என்னுது. குடிச்சது இவ இல்ல. இவகிட்டேருந்துதான் அவளுக்குப் போயிருக்கு. அளவுக்கு மேல சேந்து, மூத்தவ இதயம் அதத் தாங்கல.”

தங்கை மெல்ல எழுந்து உட்கார்ந்தாள். அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

“விளையாடறீங்களா அண்ணி? பதினோரு நாள்! பதினோரு நாளா இது கத்திக் கத்தி ஓயறது என் காதுல விழுந்துக்கிட்டே இருந்துச்சு. நான் தலகாணியக் காதுல வச்சு அமுக்கிக்கிட்டுப் படுத்திருந்தேன். உங்க அம்ப நம்பி!” அந்தத் தாளை எடுத்துக் கசக்கி இவள் மேல் எறிந்தாள். அது இவள் தோளில் பட்டு விழுந்தது. “போங்க! என் மூஞ்சியிலயே முழிக்காதீங்க!”

“திட்டு,” என்றாள் இவள். “இன்னும் நல்லாத் திட்டு. ஆனா நான் சொன்னது காதுல விழுந்துச்சான்னு மட்டும் சொல்லு.”

தங்கை அழுதாள். மாப்பிள்ளை கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான். அழுகை கொஞ்சம் அடங்கிய பிறகு, நான் எதற்குப் பயந்தேனோ அதையே கேட்டாள்.

“அப்போ இவ குடுத்துக் குடுத்தே அவளக் கொன்னுட்டாளா?”

கயிற்றில் தொங்கிய துணிகள் காற்றில் ஒருமுறை ஆடி நின்றன. இவள் போர்வையின் மேல் விரலால் இரண்டு கோடு இழுத்தாள்.

“இது இவ குழாய். கிளை விட்டு கிளை விட்டு, கடைசியில கண்ணுக்கே தெரியாத மெல்லிசாப் போகுது. திரும்பி வரும்போது இதே வழியில இவகிட்டத்தான் வரணும். ஒரே ஒரு இடத்துல மட்டும் அது பக்கத்து வழியில சேந்து, அவகிட்டப் போயிடுச்சு. அங்கேருந்து திரும்பி வர வழியில்ல. அவ்வளவுதான். நீ முழுகாம இருக்கேன்னு உனக்கே சரியாப் பழகாத நாள்லயே அந்த வழி அமைஞ்சு போச்சு. அதுக்கு இவளயும் தெரியாது, அவளயும் தெரியாது. இவ குடுக்கவும் இல்ல, அவ எடுக்கவும் இல்ல. ரெண்டு பேரும் சும்மா தூங்கிக்கிட்டிருந்தாங்க, பக்கத்துல பக்கத்துல.”

தங்கை அந்தக் கோடுகள் இருந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். போர்வையில் ஒன்றும் இல்லை. பிறகு கேட்டாள்:

“இப்போ இவளுக்கு ரத்தம் போதுமா அண்ணி?”

“நீயே பாத்துக்கலாம். நெஞ்சுல விரல வச்சு அஞ்சு எண்ணற வரைக்கும் லேசா அழுத்தணும். எடுத்தா வெள்ளையா இருக்கும். மெல்லிசுக் குழாயில இருந்த ரத்தமெல்லாம் தள்ளிப் போயிருக்கும். மூணு எண்ணறதுக்குள்ள திரும்பி வந்துட்டா, ஓட்டம் நல்லா இருக்குன்னு அர்த்தம்.”

மாப்பிள்ளையின் அக்கா குழந்தையைக் கொண்டுவந்து கட்டிலில் கிடத்தி, துணியை விலக்கினாள். என் உள்ளங்கையை விடச் சின்ன நெஞ்சு. தங்கையின் விரல் அதற்கு மேலே வந்து நின்றது. பிறகு தொட்டது.

“லேசா,” என்றாள் இவள். “போதும். எடு.”

விரல் இருந்த இடத்தில் ஒரு வெள்ளை வட்டம். “ஒண்ணு,” என்று எண்ணினாள் தங்கை, சத்தமே வராமல். “ரெண்டு.” வட்டத்தின் ஓரங்கள் இளஞ்சிவப்பாகி, உள்ளே உள்ளே சுருங்கி, இல்லாமல் போயிற்று. மூன்று எண்ண அவளுக்கு மிச்சம் இருக்கவில்லை. மறுபடி அழுத்தினாள். மறுபடி வந்தது. இன்னொரு தடவை. குழந்தைக்குத் தூக்கம் கலைந்து, முகம் சுளித்து, வீறிட்டு அழ ஆரம்பித்தது. மாப்பிள்ளையின் அக்கா புட்டியை எடுக்கத் திரும்பினாள்.

“வேணாம்க்கா,” என்று தங்கை குழந்தையை அள்ளி எடுத்தாள். “நான் குடுக்கறேன்.”

“இத்தனை நாள் ஆச்சேம்மா. பால் வத்திப் போயிருக்குமே.”

“வத்தியிருந்தா வரவழைக்கறேன். இவ வயித்துக்குள்ள இருக்கும்போதே அவ்வளவு குடுத்திருக்கா. நான் குடுக்க வேணாமா?”

நானும் மாப்பிள்ளையும் வெளியே வந்து மாடிப்படியில் நின்றோம். இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. குழந்தை இன்னும் கொஞ்ச நேரம் அழுதது. அப்புறம் நிறுத்திவிட்டது.